எய்தவன் இருக்க: திருகோணமலையின் பழிக்கணக்கு

1996 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மூதூர்ப் பக்கம், கிளிவெட்டியை அண்டிய குமாரபுரம் என்ற சிற்றூர். அன்று 58ஆம் கட்டைக்கு அருகில் விடுதலைப் புலிகள் இரண்டு படையினரைச் சுட்டுக் கொன்றார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, 58ஆம் கட்டை முகாமிலிருந்தும் தெகிவத்தை முகாமிலிருந்தும் படையினர் குமாரபுரத்துக்குள் புகுந்தார்கள். தெகிவத்தையைச் சேர்ந்த ஊர்காவல் படையினரும் கூடவே வந்தார்கள். அவர்கள் திரும்பிப் போனபோது 24 பேர் செத்துக் கிடந்தார்கள். 13 பேர் பெண்கள். ஏழு பேர் பன்னிரண்டு வயதும் நிரம்பாத பிள்ளைகள்.

படையினரைச் சுட்டவர்கள் ஆயுதம் வைத்திருந்தவர்கள், சுட்டவுடன் போய்விட்டார்கள். குமாரபுரத்தார் எங்கும் போகவில்லை. தான் செய்யாத ஒன்றுக்காக யாரோ தன்னைத் தேடி வருவார்கள் என்று எந்தத் தாயும் எண்ணிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. வீட்டில் இருந்தவர்கள் வீட்டிலேயே மாண்டார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. திருகோணமலை மாவட்டத்தின் கடந்த நாற்பது ஆண்டுகளைப் பார்த்தால் அந்தப் பழமொழிகூடப் போதாது. இங்கே எய்தவனும் அகப்படவில்லை, அம்பும் அகப்படவில்லை. வழியில் நின்றவன் அகப்பட்டான். அவன் பேசிய மொழி ஒன்றே அவனுக்கு எதிரான சாட்சியாகப் போதுமானதாக இருந்தது.

பழி இந்த மாவட்டத்தைத் திரும்பத் திரும்பத் தேடி வந்ததற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இங்கே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இதற்காகச் சண்டை போட்டார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் துறைமுகம் படைத்தளமாகவே இருந்தது. 1987இன் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்தத் துறைமுகத்தைப் பற்றித் தனியாகவே எழுதி வைத்தார்கள் என்றால் அதன் கனம் புரியும். தளத்தைச் சுற்றி மூன்று இனத்தவர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எவரும் தனிப் பெரும்பான்மையாக இல்லாத மாவட்டம் இது. ஒருவருடைய வயலுக்குப் பாயும் வாய்க்கால் அடுத்தவருடைய ஊரைத் தொட்டுக்கொண்டுதான் வரும்.

தெகிவத்தையே அல்லைக் குடியேற்றத் திட்டத்தில் உருவான ஊர். அங்கிருந்து வந்த ஊர்காவல் படையினரில் பலர் அடிப்படையில் கமக்காரர். அரசு கையில் துவக்கைக் கொடுத்திருந்தது. ஒரே நீரில் வேளாண்மை செய்த இரண்டு ஊர்களில் ஓர் ஊர், இன்னோர் ஊருக்குள் கொலை செய்யப் போனது. இராணுவம் செய்யும் கொலைக்கும் அயலவன் உடன் வந்து செய்யும் கொலைக்கும் வித்தியாசம் உண்டு. படையினன் மாற்றலாகிப் போய்விடுவான். அயலவன் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களை எல்லாரும் கொழும்பிலிருந்தே சொல்லத் தொடங்குவார்கள். அந்தச் சங்கிலியின் முதற் கண்ணிகளில் ஒன்று திருகோணமலைக்காரர். புலிகளின் தாக்குதல் தளபதியாக இருந்த சீலன் என்ற சார்ள்ஸ் அன்ரனி இந்த ஊர் இளைஞர். யூலை 15ஆம் தேதி மீசாலைப் பகுதியில் படையினரின் சுற்றிவளைப்பில் அவர் இறந்தார். எட்டு நாள் கழித்து, யூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கண்ணிவெடித் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். சீலனுக்கான பழி அது என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். மறுநாள் யாழ்ப்பாணத்தில் படையினர் ஐம்பது பேர் வரையில் பொதுமக்களைக் கொன்றார்கள். கொழும்பு எரியத் தொடங்கியது.

யூலை 26இல் நெருப்பு திருகோணமலைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களிலும் இங்கே தீவைப்புகள் நடந்திருந்தன. ஆனால் அன்று தெருவில் இறங்கியவர்கள் கடற்படையினர். யாழ்ப்பாணம் புலிகளின் கையில் விழுந்துவிட்டது, காரைநகர்க் கடற்படைத் தளம் அழிக்கப்பட்டது, நாக விகாரை சேதமாக்கப்பட்டது என்று தளத்துக்குள் கதை பரவியது. மூன்றும் பொய். அந்தப் பொய்களுக்காக அவர்கள் தளத்தை விட்டு வெளியே வந்து மத்திய வீதி, டொக்கியாட் வீதி, பிரதான வீதி, வடகரை வீதி என்று தெருத்தெருவாகப் போனார்கள். திருஞானசம்பந்தர் வீதியிலிருந்த சிவன் கோயிலும் தப்பவில்லை. தளத்துக்குத் திரும்புவதற்குள் 170 இடங்களில் தீ மூட்டியிருந்தார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். திருநெல்வேலியில் இறந்த 13 பேரும் இராணுவத்தினர். தீ வைத்தவர்கள் கடற்படையினர். எரிந்த கடைகளின் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அந்தக் கண்ணிவெடியைப் பார்த்திருக்க மாட்டார். கொல்லப்பட்டவனைத் தெரியாதவன், கொன்றவனைத் தெரியாதவனை, நடக்காத ஒன்றுக்காகத் தண்டித்தான். பழிவாங்கல் என்ற சொல்லில் ஒரு கணக்கு இருப்பதுபோலத் தோன்றும். வாங்கியதற்குக் கொடுத்தது, உயிருக்கு உயிர் என்று. 170 தீயில் எந்தக் கணக்கும் இல்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் தமிழ் வாசகருக்கு இதமாக இருக்கும். ஆனால் அது பாதிக் கதை.

1987 ஏப்ரல் 17, பெரிய வெள்ளி. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக் காலம். ஹபரணை–திருகோணமலை வீதியில் அளுத் ஓயாவுக்கு அருகில், காட்டோரத்தில், பஸ்களும் லொறிகளும் மறிக்கப்பட்டன. 127 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் விடுமுறையில் போய்வந்த படையினரும் பொலிஸாரும் இருந்தார்கள். பெரும்பாலோர் சாதாரணச் சிங்களப் பயணிகள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. செய்தவர்கள் விடுதலைப் புலிகள். நான்கு நாள் கழித்துக் கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கடுத்து விமானப்படை யாழ்ப்பாணத்தின் மீது குண்டு போட்டது. மே மாத இறுதியில் வடமராட்சிப் படையெடுப்பு. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியைக் காட்டி நியாயம் சொல்லப்பட்டது. ஒவ்வொரு படியிலும் செத்தவர்கள் முந்தைய படியில் கையே நீட்டாதவர்கள்.

அளுத் ஓயாவுக்குப் பொறுப்பானவர் என்று அரசு குற்றஞ்சாட்டியவர் புலிகளின் திருகோணமலைத் தளபதி புலேந்திரன். அவ்வாண்டு ஒக்டோபர் 3இல் சக தளபதி குமரப்பாவும் அவரும் உட்படப் புலிகள் 17 பேர் கடலில் கைதானார்கள். பலாலியில் வைத்திருந்தவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோயே தீர்வோம் என்று அரசு நின்றது. ஒக்டோபர் 5இல் அவர்கள் சயனைட் கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த நாட்களில் புலிகளிடம் கைதிகளாக இருந்த எட்டுப் படையினர் கொல்லப்பட்டார்கள். கிழக்கு மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். மீனவர், பயணிகள், கூலிக்கு வந்தவர்கள். பலாலியில் நடந்ததில் இவர்களுக்கு என்ன பங்கு?

குமாரபுரத்தைப் பற்றிப் பேசும் தமிழர் அளுத் ஓயாவைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சமன் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரசுக்குச் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, தன் குடிமக்களைக் காக்கும் கடமை இருந்தது. அதன் பொறுப்பு கனமானது. ஆனாலும் பழிவாங்கலின் முதல் விலையை அதைச் செய்தவனின் சொந்தச் சமூகமே கொடுக்கிறது. நம் பெயரால் நடந்த கொலையை நாம் எண்ணாமல் விடப் பழகிவிட்டால், நம்மீது நடந்த கொலையை மற்றவன் எண்ண வேண்டும் என்று கேட்கும் குரல் கம்மிப்போகிறது. எத்தனையோ நினைவேந்தல்களில், எத்தனையோ மேடைகளில் அந்தக் குரல் கம்மியதை நாம் கேட்டிருக்கிறோம்.

1998 சனவரி 25இல் புலிகள் கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடிக்க வைத்தார்கள். பௌத்தர்களுக்கு அதைவிடப் புனிதமான இடம் இலங்கையில் இல்லை. ஒரு வாரம் கழித்து, பெப்ரவரி 1ஆம் தேதி, தம்பலகாமத்தில் எட்டுத் தமிழர்களைப் பொலிஸாரும் ஊர்காவல் படையினரும் கொன்றார்கள். தலதா மாளிகைக்கான பழி என்றே அது அறியப்பட்டது. கண்டி எங்கே, தம்பலகாமம் எங்கே!

தம்பலகாமத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் செய்தி இன்னொரு விதமாக உறுத்தும். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா திருகோணமலைச் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டான். அன்றைய மக்கள் அதற்குப் பதிலாகச் செய்தது, தம்பலகாமத்து வயல் நடுவே ஆதிகோணநாயகர் கோயிலை எழுப்பி வழிபாட்டைத் தொடர்ந்தது. மலைமேல் கோயில் மறுபடி எழ முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1963இல்தான் குடமுழுக்கு நடந்தது. முந்நூறு ஆண்டுக் காயத்தை இந்த ஊர் கட்டியே ஆற்றியிருக்கிறது.

அதே தம்பலகாமப் பகுதியில், கண்டி வீதியை ஒட்டிப் பாலம்போட்டாறு பத்தினியம்மன் கோயில் இருக்கிறது. பத்தினி என்றால் கண்ணகி. தமிழ் இலக்கியத்தில் பழிவாங்கலுக்கு அவளைவிடப் பெரிய உருவம் இல்லை. ஆனால் கிழக்கிலங்கை மக்கள் அவளை வழிபடும் முறையைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். மதுரை எரிந்ததை அவர்கள் கொண்டாடுவதில்லை. வைகாசியில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், கடைசியில் குளிர்த்தி நடக்கிறது. வேப்பிலையும் தண்ணீருமாக, பாட்டுப் பாடி, அவள் உடம்பின் சூட்டை ஆற்றுகிறார்கள். எரிந்த ஊரோடு எரித்தவளும் வெந்துகொண்டிருக்கிறாள், அவளை ஆற்றாவிட்டால் மழை பொய்க்கும், நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெஞ்சினம் கொண்டவளுக்கும் அதனால் கேடுதான் என்பதை ஏட்டுப் படிப்பில்லாத கமக்காரர் சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

சிங்களவரும் அவளைப் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். கஜபாகு மன்னன் கொண்டுவந்த வழிபாடு என்பது அவர்கள் மரபு. கயவாகு என்ற பெயரில் அவனைச் சிலப்பதிகாரமும் சொல்கிறது. ஆகவே இந்த மாவட்டத்தில் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே தெய்வத்தைக் குளிர வைத்தவர்களாக இருந்திருக்கலாம்.

கண்ணகி கதையில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. அவள் முதலில் போனது அரண்மனை வாசலுக்கு. கையில் சிலம்பு என்ற சான்று இருந்தது. வழக்கைச் சொன்னாள், மன்னன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். அதன் பிறகும் நகரம் எரிந்தது. எரித்தபோதும் முதியவரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி அவள் தீக்குச் சொன்னதாகவே இளங்கோ பாடினார். நீதி கிடைத்த பிறகு வைத்த தீ அந்தக் கவிஞருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். குமாரபுரத்துக்குள் நுழைந்தவர்களுக்கு ஏழு குழந்தைகளும் உறுத்தவில்லை.

2006ஆம் ஆண்டுதான் திருகோணமலை நகரம் கடைசியாகப் பெருமளவில் எரிந்தது. ஏப்ரல் 12, புதன்கிழமை, வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி. புத்தாண்டுச் சாமான் வாங்க வந்த கூட்டம் மத்திய சந்தையில். பிற்பகல் நான்கு மணியளவில் குண்டு வெடித்தது. கால் மணி நேரத்துக்குள் பொல்லுகளும் கத்திகளும் ஏந்திய நூறு பேருக்கு மேற்பட்ட சிங்களக் கும்பல் தமிழர் கடைகளைத் தாக்கத் தொடங்கியது. குண்டிலும் அதைத் தொடர்ந்த வெறியாட்டத்திலுமாக ஏறத்தாழ இருபது பேர் செத்தார்கள். கடைகளும் வீடுகளும் எரிந்தன. பொலிஸாரும் படையினரும் பக்கத்திலேயே நின்றார்கள், தடுக்கவில்லை.

கால் மணி நேரம் என்பதை யோசித்துப் பாருங்கள். குண்டு வெடித்த இடத்தில் மனிதர் முதலில் செய்வது தன் பிள்ளையைத் தேடுவது, காயக்காரரைத் தூக்குவது, இரத்தத்தைப் பார்த்து உறைந்து நிற்பது. துக்கத்துக்குக் கால் மணி நேரம் காணாது. அந்த நேரத்துக்குள் நூறு பேர் ஆயுதத்தோடு ஒன்றுசேர்ந்தார்கள் என்றால் அது பொங்கி வந்த கோபம் அல்ல. எங்கோ அடுக்கி வைத்திருந்த பொல்லுகள் ஒரு சாட்டுக்காகக் காத்திருந்தன. பழிவாங்கலைத் தாங்க முடியாத வேதனையின் வெளிப்பாடாகச் சித்திரிப்பவர்கள் இந்தக் கால் மணி நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதின்மூன்று நாள் கழித்துக் கொழும்பில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல். அன்றே மூதூர் கிழக்கில், சம்பூர்ப் பக்கம், விமானக் குண்டும் எறிகணையும் விழுந்தன. கொழும்பில் வெடித்த குண்டுக்காகக் கொட்டியாரக் குடாவின் மறுகரையில் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு ஓடினார்கள்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், சனவரி 2ஆம் தேதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையருகே இருந்த மாணவர்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. பிறகு சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மாணவர்கள் கையிலிருந்த குண்டே வெடித்தது என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். உடல்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்ததைப் படம் பிடித்து வெளிக்கொண்டுவந்தவர் 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். சனவரி 24ஆம் தேதி காலை பஸ்ஸுக்குக் காத்து நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். யாரையும் அடிக்காத, ஆயுதம் தொடாத மனிதர். உண்மையைக் காட்டியதற்காகவும் இந்த ஊரில் பழி தீர்த்தார்கள்.

அந்த ஐவரில் ஒருவரின் தந்தை, மருத்துவர். மகனின் உடலைப் பார்த்த நாளிலிருந்து அவர் கேட்டது விசாரணையை. மிரட்டல்கள் வந்தன. நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஜெனீவா வரை போய் நீதி கேட்டார். அவருக்கு இருந்ததைவிடப் பெரிய காரணம் பழிக்கு யாருக்கும் இருந்திருக்காது. அவர் வழக்கைத் தேர்ந்தெடுத்தார். கண்ணகி முதலில் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான்.

வழக்கு என்ன ஆயிற்று? 2013இல் விசேட அதிரடிப் படையினர் கைது செய்யப்பட்டார்கள். 2019 யூலை 3ஆம் தேதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அஞ்சி வெளிநாடுகளில் இருந்தார்கள். குமாரபுரம் வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டது. உயிர் தப்பியவர்கள் அடையாள அணிவகுப்பில் படையினரைக் காட்டியிருந்தார்கள். வழக்கு அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. குமாரபுரத்துக் கமக்காரர் அவ்வளவு தூரம் போய், தமக்கு விளங்காத மொழியில் நடந்த வழக்கில் சாட்சி சொன்னார்கள். 2016 யூலையில் ஜூரிகள், குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் கோப்ரல்களையும் குற்றவாளிகள் அல்லர் என்றார்கள்.

செய்யாததற்காக ஊரையே தண்டிப்பது உலகம் அறியாததல்ல. 1942 யூனில், ஹைட்ரிக் என்ற நாசி அதிகாரியைக் கொன்றவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத லிடிட்சே என்ற செக் கிராமத்தை ஜெர்மானியர் அழித்தார்கள். ஆண்களைச் சுட்டார்கள், பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள், வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். அப்படிப்பட்ட கிராமங்களை மனத்தில் வைத்துத்தான் 1949இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 33ஆவது உறுப்புரை, தான் செய்யாத குற்றத்துக்காக எவரையும் தண்டிக்கலாகாது என்று எழுதியது. இலங்கையும் அதில் இணைந்த நாடு.

குமாரபுரத்தில் ஒவ்வொரு பெப்ரவரி 11ஆம் தேதியும் உறவுகளை நினைவுகூர்கிறார்கள். அந்த மக்கள் தெகிவத்தையின் மீது கை வைக்கவில்லை. நீதிமன்றம் கைவிட்ட பிறகும் வைக்கவில்லை. அவர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. சட்டமா அதிபர் திணைக்களம் குமாரபுரத்தையும் கடற்கரையில் செத்த ஐவரையும் சுகிர்தராஜனையும் பற்றிய கோப்புகளை மறுபடி திறக்க வேண்டும். சாட்சிகளுக்கு உண்மையான பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். தமிழ் பேசும் சாட்சிகளின் வழக்கைத் தமிழ் விளங்கும் நீதிமன்றத்தில் நடத்த வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அளுத் ஓயாவில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்களைப் பற்றியும் எழுதுங்கள். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.